ஒரு வள்ளம் தவிடு

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு கொசு என் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்து வயிறு சிவக்கும்வரை குடித்தது. நான் அடிக்கவில்லை. குடித்து முடித்ததும் அதனால் எழும்ப முடியவில்லை. மெல்ல ஊதிவிட்டேன். பெண் கொசு மட்டும்தான் கடிக்கும், முட்டைக்கு வேண்டிய சத்துக்காக. எம்.எஸ்.சி. விலங்கியலில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியபோது தோன்றாதது இன்று தோன்றியது: அதுவும் பிள்ளைக்காகத்தான் அலைகிறது.

இந்த மாற்றமெல்லாம் ஜெயசுதா மேடத்தின் கருணைப் பயிற்சி வகுப்பால். எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை நடக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் பெற்ற அதுவும் அழ ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே நேரமாக அமைந்தது தற்செயல். என் கணவர் பூபதி முதல் ஷிப்ட் முடிந்து வந்துவிடுவதால் அதை அவர் பார்த்துக்கொள்கிறார்.

பயிற்சியில் நான்கு சுற்று. முதல் சுற்றில் நம் உயிருக்கு உயிரான ஒருவரை நினைத்து அன்பு செலுத்த வேண்டும். இரண்டாவதில் நமக்கு எந்த உறவும் இல்லாத ஒருவர். மூன்றாவதில் நமக்குப் பிடிக்காதவர். நான்காவதில் எல்லா உயிர்களும். "மொத சுற்றுல நீங்க தேடவே வேண்டாம், முகம் தானா வரும்" என்றார் மேடம். கண்ணை மூடினேன். எனக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. அணைத்தேனா இல்லையா என்று. பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுவதுதான் என் பழக்கம். அதனால் நேராக மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சமையல் மேடையில் கரப்பான்பூச்சி. கல்லூரியில் நான் அறுத்துக் காட்டிய கரப்பான்களின் நினைவு வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியைக் கிழியாமல் எடுப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு துண்டு பிஸ்கட் வைத்தேன்.

"ஏ வினோ, கரப்பானுக்கு என்னத்துக்கு பிஸ்கட்டு?" என்றார் பூபதி.

"அதுவும் ஒரு உயிர்தானுங்களே."

"அப்ப எனக்கு ஒண்ணு குடு. நானும் ஒரு உயிருதான்."

நான் பெற்றது மத்தியானம் நன்றாகத் தூங்கியது. அளவுக்கு மீறி அசையாமல் தூங்கியதால் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தேன். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் திரும்பவும் செருகினேன். இதை அன்பு என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயம்தான். வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாம் சுற்றுக்கு நான் தேர்ந்தெடுத்த ஆள் எங்கள் செக்ரட்டரி வெள்ளியங்கிரி சார். எங்களுக்குக் கீழே இரண்டாம் மாடி. பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பிள்ளைகள் மூவரும் கனடாவில். மில்லில் கத்திக் கத்திப் பழகிய குரலில் வாட்ஸ்அப் குரூப்பில் குரல்செய்தி போடுவார். போன மாதம் குப்பைத் தொட்டியைக் கிளறி, "மூணாவது மாடி டயப்பரை தனிக் கவர்ல கட்டிப் போடறது. இது எத்தனாவது தடவ?" என்று முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் கேட்கும்படி முழங்கியவர்.

லிப்டில் அவரைப் பார்த்து, உள்ளம் நிறையச் சிரித்தேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "என்ன அம்மணி, தண்ணித் தொட்டிக்குள்ள ஏதாச்சும் விழுந்துபோச்சா?"

"இல்லீங்க சார். நீங்க நல்லாருக்கோணும்."

இரண்டாம் மாடியில் இறங்காமல் என்னோடு மேலே வந்து, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 20, வெள்ளி

குழந்தைகள் டாக்டர் எடை பார்த்தார், காது பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா? அடுத்த தடவை நாம கொஞ்சம் உங்களப் பத்திப் பேசலாம்" என்றார். குழந்தைகள் டாக்டர் என்னைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று புரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து தெய்வானை நங்கை வந்தார். பூபதியின் அக்கா. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கை என்போம். மாமியார் இல்லாத வீட்டில் எல்லா முடிவும் அவருடையதுதான். செருப்பைக் கழற்றும் முன்பே அதைத் தூக்கிக்கொண்டார். அழுகை நின்றது. என்னிடம் கொடுத்தார். அழுதது. வாங்கினார். நின்றது. ஸ்விட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்.

"தாய்க்கும் புள்ளைக்கும் ஆகலடா பூபதி. எட்டு மாசமா இப்பிடியே கெடந்தா ரெண்டுக்கும் ஆகாது. நான் கோபிக்குத் தூக்கிட்டுப் போறேன். நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து உடறேன்."

"சரிங்க நங்கை" என்றேன் உடனே. கருணை என்றால் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதானே. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், வெந்நீர் வரட்டும் என்று. வாளி நிரம்பி வழிந்த பிறகுதான் கீசர் பழுதாகி இருப்பது நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தபோது அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை முற்றியிருந்தது. "அவளையும் புள்ளையையும் பிரிக்காத அக்கா" என்றார் பூபதி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"பிரிக்க வேண்டாம்னா தவுட்டுக்கு வித்துப் பாரு. ஆடி பொறக்கறக்குள்ள சரியாகி, திருப்பி வாங்கியிருக்கோணும். இல்லீன்னா ஆடிக்கு மொத நாளே வந்து தூக்கிட்டுப் போயிருவேன். பொறவு நீ பேசப்படாது."

தவிட்டுக்கு விற்பது என்றால் நிஜமாக விற்பது இல்லை. தங்காத, தேறாத குழந்தையைச் சொந்தமில்லாத ஒருவருக்குத் தவிட்டை விலையாக வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் ஏதாவது மட்டமான பெயர் வைப்பார். கண்ணு படாது, தோஷமும் வழி தெரியாமல் போய்விடும். குழந்தை அவருடையதாகவே பெற்றவர் வீட்டில் வளரும். தேறியதும் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவருக்குப் பிறந்த பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு நன்றாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

நங்கை பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஆளு கெடச்சிருச்சு. லிப்டுல ஒரு பெரியவரு வந்தாரு. மூணு புள்ளைகளாம், மூணும் கனடாவுல நல்லாருக்குதாம். வெள்ளியங்கிரின்னு பேரு."

ஜூன் 29, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அதை விற்றோம்.

முறத்தில் பழைய சேலையை விரித்து வாசலில் படுக்க வைத்தார் நங்கை. வெள்ளியங்கிரி சார் வெள்ளை வேட்டியில் வந்தார். தீவனக் கடையில் வாங்கிய தவிட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய பித்தளை வள்ளத்தில் தலை தட்டி அளந்து கொட்டினார். ஒரு வள்ளம் என்றால் நான்கு படி.

"வித்தாச்சுங்களா?"

"வித்தாச்சுங்க" என்றார் பூபதி.

"அம்மணி சொல்லோணும். பொறவு என்னைக் கேக்கலீன்னு சொல்லப்படாது."

"வித்தாச்சுங்க சார்" என்றேன்.

"இன்னீலருந்து இவ பேரு குப்பாயி" என்றார். பிறப்புச் சான்றிதழில் தன்விகா என்று இருக்கிறது. எண் கணிதம் பார்த்து வைத்தது. எனக்கு வாயில் வந்ததே இல்லை.

வழக்கப்படி அவர் வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்து, வளர்த்து வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் மாடிக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தோம். "வழக்கம் தெரியாத மனுசனா இருப்பாரு போல" என்றார் நங்கை, முதன்முறையாகக் கவலையோடு.

முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார் ரூம் பக்கமிருந்து வந்தார். தோளில் அது. "எல்லாத்தையுங் காட்டிட்டு வந்தேன். மோட்டாரு, தொட்டி, ஜெனரேட்டரு. பின்ன, நம்ம புள்ளைக்கு நம்ம எடம் தெரியோணும்ல?" என்று என்னிடம் நீட்டினார். "என்ற புள்ளைய உங்கள நம்பி உடறேன் அம்மணி. நான் வந்து வந்து பாப்பேன்."

அதை வாங்கிக்கொண்டேன். இனி இது எப்படி ஆகிவிடுமோ என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டாம் மாடிக்காரர் யோசிப்பார். மத்தியானம் தூங்கினேன். சாயங்காலமும் தூங்கினேன். மேடத்தின் வகுப்புக்கு எழுப்பியபோது "அப்புறம்" என்றேனாம்.

ஜூலை 1, செவ்வாய்

உரிமையாளர் காலையிலேயே பார்வையிட வந்தார்.

"எண்ணெ வெச்சுக் குளிப்பாட்டுனீங்களா?"

"ஆச்சுங்க சார்."

"காதுக்குள்ள தண்ணி போகலையே?"

"இல்லீங்க."

கையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், ஜெனரேட்டரைச் சோதிப்பது போல வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "நல்லாத்தான் பாத்துக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த எட்டு மாதத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. மதியம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் சாப்பிடாமல் அந்த வாக்கியத்தையே கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

அடுத்தவர் குழந்தையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. சாருடைய பெண்ணுக்கு இடது காதின் மேல் நுனி கொஞ்சம் மடிந்திருக்கிறது. தூக்கத்தில் முதலில் புருவத்தைச் சுளிக்கிறாள், பிறகு சிரிக்கிறாள். யாரோ ஜோக் சொல்லி, அது புரியக் கொஞ்சம் நேரம் எடுப்பதுபோல. இதெல்லாம் முன்பும் இருந்ததா என்று பூபதியிடம் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு, "பொறந்ததுல இருந்தே இருக்குது" என்றார்.

வகுப்பில் இரண்டாம் சுற்றுக்கு, அதாவது எனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவருக்கு, அவளை நினைத்துக்கொண்டேன். முகம் தானாக வந்தது. முதல் சுற்றில் இன்றும் சிலிண்டர்தான்.

ஜூலை 5, சனி

பால்கனியில் அந்தத் தவிட்டு மூட்டை சும்மா இருக்கிறது. வண்டு வைத்துவிடும் போலிருந்தது. எல்லா உயிர்க்கும் அன்பு என்று தினமும் மொட்டைமாடியில் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு, கண்முன் இருக்கும் தவிட்டை வண்டுக்கு மட்டும் விடுவது என்ன நியாயம்? ஒரு கிண்ணத்தில் வெல்லம் கலந்து பால்கனிச் சுவரில் வைத்தேன். அணில் வந்தது. மைனா வந்தது. எறும்பு வந்ததைச் சொல்லவே வேண்டாம்.

குப்பாயி என் இடுப்பில் இருந்து அணிலைப் பார்த்து "க்கா" என்றாள். அணில் வாலைத் தூக்கியது. அவள் சத்தமாகச் சிரித்தாள். அணில் ஓடிப்போய்விட்டது. அவள் அதற்கும் சிரித்தாள்.

வகுப்புக்குப் போகவில்லை. பாதியில் எழுந்து போனால் அணில் ஏமாந்துவிடும்.

ஏழரை மணிக்கு மேடம் ஸ்பீக்கரோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. இன்று ஆறு மணிக்கு யாரும் அழவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

சந்தில் மேயும் பசுவுக்கு இரண்டு கொட்டாங்கச்சி தவிடு. குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குடியிருக்கும் பெருச்சாளிக்கு ஒன்று. பெருச்சாளியை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கும் பசிக்கிறது, அது குப்பாயியைப் பார்த்துப் பயந்து ஓடுகிறது. பாவம்.

ஜூலை 11, வெள்ளி

தவிடு தீர்ந்தது. சாக்கை உதறிக் காயப்போட்டேன். மனம் நிறைவாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

பூபதி காலண்டரைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை ஆடி ஒண்ணு. நாளன்னிக்கு அக்கா வந்துரும். அதுக்குள்ள புள்ளையத் திருப்பி வாங்கோணும். அந்தத் தவுட எடு" என்றார்.

காய்ந்த சாக்கைக் காட்டினேன்.

அவர் சாக்கின் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். நேராகத் தீவனக் கடைக்குப் போய் வேறு தவிடு வாங்கி வந்தார். இரண்டாம் மாடிக்குப் போனோம். வெள்ளியங்கிரி சார் தவிட்டைக் கையில் அள்ளி, முகர்ந்து, கீழே விட்டார்.

"இது நான் குடுத்ததில்லையே. அது நாட்டுத் தவுடு, செகப்பா இருக்கும். இது என்னமோ வெளுத்துக் கெடக்குது."

"அது... எல்லாருக்கும் குடுத்துட்டேனுங்க சார்."

"எல்லாருக்கும்னா? எந்தெந்த வூட்டுக்கு?"

"வீட்டுக்கு இல்லீங்க. அணிலுக்கு, மைனாவுக்கு, எறும்புக்கு, மாட்டுக்கு. பெருச்சாளிக்குக் கொஞ்சம்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பெருச்சாளிக்கா! ரெண்டு மாசமா அதைப் புடிக்கக் கூண்டு வெச்சுட்டிருக்கேன், கூண்டுக்குள்ள வெச்ச தேங்காயத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. வவுறு நெறஞ்சு திரியறது இதனாலதானா?"

"சாருங்க, அத உடுங்க. புள்ளையக் குடுங்க" என்றார் பூபதி.

"குடுத்த தவுடுதான் திரும்ப வரோணும். வழக்கம்னா வழக்கம். உங்கக்காவே வந்து அத்தன சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க."

"அணிலப் புடிச்சு தராசுல வெச்சா ஒத்துக்குவீங்களா?" பூபதிக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார்.

"தவுடு போச்சுன்னா புள்ளை என்றதுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் உள்ளே பார்த்தேன். கூடத்துக் கூரையில் புதிதாக ஒரு தொட்டில் கொக்கி மாட்டி, எண்ணெய் போட்டிருந்தது. கீழே ஒரு கிலுகிலுப்பை, கவரைக்கூடப் பிரிக்காமல்.

மேலே வந்ததும் பால்கனியில் நின்றேன். சுவரில் எறும்பு வரிசை. குப்பாயியின் விலை அத்தனையும் இப்போது இந்தச் சந்தில் ஓடிக்கொண்டும் பறந்துகொண்டும் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அவள் இன்று யாருக்குச் சொந்தம் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. நங்கை கோபிக்குத் தூக்கிக்கொண்டு போனால் தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு சாக்கு.

குளியலறைக்குப் போகவில்லை. அவள் கொசுவலைக்குள் என்னைத் தேடுவாள்.

ஜூலை 16, புதன்

இன்று நான் செய்ததை எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நங்கை பத்து மணிக்கு ஒரு காலிக் கூடைப்பையோடு வந்தார். திருப்பி வாங்கவில்லை என்று தெரிந்துகொண்டார். "சொன்னா சொன்னதுதான் பூபதி" என்று பால் புட்டி, துணி, டப்பா எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தார். குப்பாயியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கையில் அவளுடைய ஒரு காலின் சாக்ஸ் இருந்தது.

லிப்ட் திறந்தது. உள்ளே வெள்ளியங்கிரி சார்.

"என்ற புள்ளைய எங்க கொண்டு போறீங்க?"

"எங்க ஊட்டுப் புள்ளைய எங்க ஊருக்குக் கொண்டு போறேன்."

"வித்துட்டீங்களே!"

"தவுட்டுக்கு வித்தா நெசமாலுமே வித்ததாயிருமா? உங்களுக்கு மண்டைல ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்கறதுனாலதான் கேக்கறேன். தவுட்டக் கொண்டாங்க, தூக்கிட்டுப் போங்க. பெருச்சாளி தின்னாலும் சரி, எறும்பு தின்னாலும் சரி, எனக்கு வந்து சேரல."

"பெருச்சாளியா? எந்தப் பெருச்சாளி? பூபதீ!"

லிப்ட் கதவு சாத்தச் சாத்த சார் காலை நீட்டித் தடுத்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. குப்பாயியின் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. காலில் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும் ஜாதி.

நான் அடித்தேன். பளார் என்று.

குப்பாயி கண்ணை அகல விரித்தாள். நெற்றியில் ஒரு புள்ளி ரத்தம்.

"என்ற புள்ளைய அடிக்க நீ யாரு அம்மணி?" என்றார் சார்.

"டெங்கு வந்தா நீயாடா ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருப்ப? உன்ற கையில மூச்சு வருதா வருதான்னு பாப்பியா? தள்ளுடா அக்கட்டால!" என்றேன். பிறகு நங்கையிடம், அதே குரலில், "பையக் கீழ வெய்யுங்க!" என்றேன்.

டா. எழுபத்தொரு வயதுக்காரரை. மூன்றாம் சுற்றில் தினமும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்ட மனிதரை. லிப்ட் வாசலில் நின்று டா போட்டேன். நங்கையை அதட்டினேன். ஒரு உயிரையும் கொன்றேன், அதுவும் முட்டையிட வேண்டிய ஒரு தாயை. ஐந்து வாரத்துப் பயிற்சி ஒரே நிமிஷத்தில் போனது.

குப்பாயிக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து அழுதாள். நங்கை தட்டிக்கொடுத்தார், நிற்கவில்லை. சார் கையை நீட்டினார், உதைத்தாள். பிறகு நங்கையின் தோளில் இருந்தபடியே உடம்பைத் திருப்பி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அடித்த என்னிடமே சாய்ந்தாள். பிடிக்காமல் விட்டிருந்தால் விழுந்திருப்பாள். அதனால் பிடித்தேன். கழுத்தில் முகத்தை வைத்துத் தேம்பினாள். நின்றுவிட்டது.

நங்கை மறுபடி வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டார்.

"போச்சாது உடு. பைய எடுத்து உள்ள வையிடா பூபதி. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்றார். நான்கு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். காலிப் பையோடு.

சாயங்காலம் குரூப்பில் சாரின் குரல்: "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கொசு மருந்து அடிக்கறாங்க. எல்லாரும் சன்னலச் சாத்திக்கோணும். மூணாவது மாடி குப்பாயி ஊட்டுல எச்சா கவனமா இருக்கோணும்." அதன் பிறகு ஒரு இடைவெளி. பிறகு, "ஒரு சமாசாரம். தவுட்டுக்கு அவசரமில்ல. மெதுவா வரட்டும்."

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "டா போட்டதுக்கா? மில்லுல என்ற பொண்டாட்டி என்னை அப்பிடித்தான் கூப்புடுவா" என்றார். குப்பாயியை அந்தக் கொக்கிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு வந்தேன். கிலுகிலுப்பையின் கவரைப் பிரித்தார்.

ஜூலை 18, வெள்ளி

மேடத்திடம் கொசுவைப் பற்றி ஒப்புக்கொண்டேன். டாவைப் பற்றிச் சொல்லவில்லை. "பரவால்ல, உடைஞ்சு போனா மொத சுற்றுல இருந்து மறுபடி ஆரம்பிங்க" என்றார்.

பூபதிக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். குப்பாயியையும் கூட்டிப் போயிருந்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் போகும்போது என் தூக்கத்தைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். பேசினால் என்ன, கேட்டவர் அவர்தானே.

ஸ்பீக்கரில் புல்லாங்குழல் வந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. மடியில் நின்றுகொண்டு ஒருத்தி என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இடது காது நுனி மடிந்திருந்தது. மேடம் இரண்டாம் சுற்றுக்குப் போகச் சொன்னார். எல்லோரும் போனார்கள். மூன்றாவதற்குப் போனார்கள். எல்லா உயிர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் முதல் சுற்றிலேயே இருந்தேன்.

கீழே வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை. கேஸை அணைக்காமல் போயிருக்கிறேன். பால் பாத்திரம் அடியோடு கரிந்துவிட்டது.